நுரைக்காத பீப்பாய்கள்

இராயபுரம்,
8-1-1969

அன்புள்ள தங்கை ஞானசெல்விக்கு அண்ணன் தேவப்பிரியம் எழுதுவது.

கர்த்தர் கிருபையால் இங்கே எல்லாரும் காலூன்றி நடமாடுகிறோம். உன் மதினிக்கு மட்டும் இந்தப் பனியில் முழங்கால் பிடித்துக்கொள்கிறது. பெங்களூர்க் குளிரில் நீ காதில் துணி கட்டாமல் திரிவாய் என்று அவளுக்குக் கவலை. கட்டிக்கொள்.

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை சிரிப்பு வந்தது. போன வருஷம் கொத்தவால்சாவடிக் குப்பைமேட்டில் அழுகின சப்போட்டாவைப் பொறுக்கி டப்பாவில் அடைத்து நீ ரயிலேறியபோது, படித்த பெண்ணுக்குப் புத்தி பிசகிவிட்டது என்றுதான் நினைத்தேன். இப்போது அந்த அழுகலில் இருந்த ஈஸ்ட்டைத் தனியாகப் பிரித்து வளர்த்து, அதிலிருந்து என்சைம் எடுத்திருப்பதாக எழுதுகிறாய். இரண்டாம் தடவை படித்தபோது சிரிப்பு வரவில்லை. நேரே மிட்டாய்த் தொழிற்சாலை அமீருதீன் பாயிடம் போய் அது எதற்கு ஆகும் என்று கேட்டேன்.

"அண்ணாச்சி, சர்க்கரைப் பாகு திரும்பக் கல்லா இறுகிடாம வெச்சிருக்கறதே அந்த மருந்துதான். சீமையிலேர்ந்து வரணும். லைசன்ஸ் கெடைக்கறதுக்குள்ள நம்ம தாடி நரைச்சிடும்" என்றார். இங்கேயே செய்து கொடுத்தால் வாங்குவீரா என்றேன். "நாளைக்கே கொண்டா" என்றார். வாங்குகிறவன் வாயிலிருந்து 'நாளைக்கே' என்று வந்தால் அது நல்ல சரக்கு.

ஆகவே திருவொற்றியூர் ஷெட்டை ஜூன் வரை உனக்கு விட்டேன். கருப்பட்டிப் பாகு வைத்திருந்த எட்டு மரப் பீப்பாய் அங்கே இருக்கிறது. நெட்டுக்குப்பத்து லூர்து கூடமாட இருந்து பார்த்துக்கொள்வான். அழுகல் பழத்துக்கு இந்த ஊரில் பஞ்சமில்லை.

உன் வேலை ஜூன் முப்பதோடு முடிகிறது, ஆராய்ச்சிக்கூடக் குடுவையில் நடந்தது பீப்பாயிலும் நடக்கும் என்று அதற்குள் காட்டினால்தான் நிரந்தரமாக்குவார்கள் என்று எழுதியிருக்கிறாய். எனக்கு மூடிப் பேசத் தெரியாது. பாளையங்கோட்டையிலிருந்து ஜெயவேல் என்று ஒரு பள்ளிக்கூட வாத்தியார் வரன் வந்திருக்கிறது. உனக்கு முப்பத்தொரு வயது. ஜூன் வரை அவர்களை நிறுத்தி வைக்கிறேன். நீ ஜெயித்தால் வேண்டாம் என்று நானே எழுதிவிடுவேன். இது வியாபாரி வாக்கு.

ஆசீர்வாதத்துடன்,
தேவப்பிரியம்


பெங்களூர்,
17-1-1969

அன்பும் வணக்கமும் மிகுந்த அண்ணாச்சிக்கு,

காதில் துணி கட்டிக்கொண்டுதான் எழுதுகிறேன் என்று மதினியிடம் சொல்லுங்கள். முழங்காலுக்கு வேப்பெண்ணெய் சூடாக்கித் தடவட்டும். எனக்குச் சுகத்தில் குறைவில்லை.

ஷெட்டைக் கொடுத்ததற்கு எப்படி நன்றி சொல்வது! பஞ்சடைத்த கண்ணாடிக் குழாய்கள் ஆறு, உமி நிரப்பிய பெட்டியில் வருகின்றன. உள்ளே வெண்ணெய் பூசின மாதிரி ஒரு தடம் தெரியும். அதுதான் வித்து, என் ஈஸ்ட். நம் ஊரில் கள்ளைப் பொங்க வைப்பது எதுவோ, அதற்கு இது பங்காளி.

பழக்கழிவை நசுக்கித் தண்ணீர் விட்டுக் கொதிக்க வைத்து ஆறவிடுங்கள். ஒரு குழாய் வித்தை முதலில் ஒரு சட்டிப் பழச்சாற்றில் போட்டால் மறுநாள் நுரைக்கும். அந்தச் சட்டியைப் பீப்பாயில் ஊற்றி, மணிக்கொரு தரம் துடுப்பால் கிளறச் சொல்லுங்கள். மூன்றாம் நாள் பீப்பாய் முழுக்க நுரை கட்டினால் வெற்றி. அடியில் படியும் ஈஸ்ட்டை எடுத்து எனக்கு அனுப்பினால் என்சைமைப் பிரிப்பது என் பாடு.

பீப்பாய் சுத்தமாக இருக்க வேண்டும். வேறு கிருமி புகுந்தால் என் ஈஸ்ட்டைத் தின்றுவிடும். எத்தனை சுத்தமோ அத்தனை நல்லது. உங்கள் சுத்தம் எனக்குத் தெரியும், அதனால் பயமில்லை.

அண்ணாச்சி, இங்கே எங்கள் துறையில் ஆண்கள் பதினோரு பேர், நான் ஒருத்தி. "அழுகல் பழம் சௌக்கியமா?" என்றுதான் காலையில் எனக்கு வணக்கம் சொல்வார்கள். வரனைப் பற்றி எழுதியதற்கு எனக்குக் கோபம் இல்லை. ஆனால் எனக்கு இந்த வேலை வேண்டும். இதற்குமேல் எழுதத் தெரியவில்லை.

உங்கள் அன்புத் தங்கை,
செல்வி


இராயபுரம்,
11-2-1969

அன்புள்ள செல்விக்கு,

இங்கே சுகம்தான். வேப்பெண்ணெய் வேலை செய்கிறது. ஆனால் மதினி இருக்கிற இடம் அரைமைலுக்குத் தெரிகிறது.

நல்ல செய்தி எழுதக் காத்திருந்ததில் நாளாகிவிட்டது. நல்ல செய்தி இல்லை. இரண்டு தடவை போட்டாயிற்று. சட்டியில் நுரைக்கிறது. பீப்பாயில் ஊற்றினால் அடங்கிவிடுகிறது. மூன்றாம் நாள் நாலாம் நாள் என்று காத்திருந்தும் குளத்துத் தண்ணீர் மாதிரி கிடக்கிறது. லூர்து துடுப்பும் கையுமாகப் பீப்பாய்க்குள் தலையை விட்டுப் பார்த்துவிட்டு, "மொதலாளி, தங்கச்சிம்மா அனுப்பிச்ச ஆளு வூட்டுக்குள்ள புலி, வெளிய வந்தா எலி" என்கிறான். எனக்கும் அப்படித்தான் படுகிறது. சின்ன இடத்தில் வீரம், பெரிய இடத்தில் பயம். வித்தில்தான் குறை.

பீப்பாய்களை நானே பக்கத்தில் நின்று சுத்தம் செய்வித்தேன். ஒவ்வொரு தடவையும் புதிதாகச் செய்கிறோம். ஷெட்டுக்கு அடுத்த விறகுக்கடை பதுருன்னிசா அம்மாள் ஒரு நாள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார். "இன்னா மொதலாளி, ஊருல கீற கலீஜையெல்லாம் கொண்டாந்து ஊற வெச்சிகினு கீறே! மாடுகூட மூஞ்சியைத் திருப்பிக்கினு போவுது! சுகாதாரத்துக்கு எழுதிப் போட்டா தாங்க மாட்டே, ஆமா!" என்று சத்தம் போட்டார். இரண்டே நாளில் நாற்றத்தை அடக்கிவிட்டேன். இப்போது வாசலில் நின்று வெற்றிலை போடுகிறார்.

பீப்பாய்த் தண்ணீரில் ஒரு புட்டி நிரப்பி, பெங்களூர் வரும் நம் சரக்குக் குமாஸ்தாவிடம் கொடுத்திருக்கிறேன். நீயே பார்.

அன்புடன் அண்ணன்,
தேவப்பிரியம்


பெங்களூர்,
20-2-1969

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

நலம். நீங்களும் மதினியும் நலமாக இருக்க ஜெபிக்கிறேன்.

புட்டி வந்தது. சோதித்துப் பார்த்தேன். உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும், தவறாக நினைக்காதீர்கள். பீப்பாயில் எதையாவது சேர்த்தீர்களா? அற்பம் என்று நினைக்கிற எதுவானாலும் சொல்லுங்கள். நீங்கள் சொன்னால் போதும். யார் மேலும் குற்றம் இல்லை.

எங்கள் துறைத் தலைவர் டாக்டரும் உங்களிடமிருந்து எழுத்தில் ஒரு வரி வேண்டும் என்கிறார். பழச்சாறும் வித்தும் தவிர வேறு எதுவும் பீப்பாயில் போகவில்லை என்றால் அப்படி, போயிருந்தால் இன்னது என்று. யோசித்து எழுதுங்கள். இன்னும் நாலு மாதம் இருக்கிறது. காரணம் தெரிந்தால் பத்து நாளில் சரி செய்துவிடலாம்.

புது வித்துக் குழாய்கள் மூன்று அனுப்பியிருக்கிறேன். உங்கள் பதில் வரும்வரை ஊற்ற வேண்டாம்.

செல்வி


இராயபுரம்,
3-3-1969

அன்புள்ள தங்கைக்கு,

நாங்கள் சுகம். உன் கடிதத்தில் கேள்விதான் இருந்தது, உன் உடம்பைப் பற்றி ஒரு சொல்தான் இருந்தது. வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

பீப்பாயில் ஒன்றும் சேர்க்கவில்லை. நான் தராசு பிடித்தவன், கல்லுக்குக் கீழே புளி ஒட்டுகிறவன் இல்லை. உன் டாக்டருக்கும் அப்படியே எழுதிக் கையெழுத்திட்டு நேற்றே தபாலில் சேர்த்துவிட்டேன்: 'பழச்சாறும் தாங்கள் அனுப்பிய வித்தும் தவிர வேறெதுவும் பீப்பாயில் போகவில்லை. இடத்தில் குறையில்லை. வித்து பலமில்லாதது என்பது என் அபிப்பிராயம்.' சுருக்கமாகவும் தைரியமாகவும் இருக்கிறது என்று கணக்கப்பிள்ளை மெச்சினார்.

நீ ஊற்ற வேண்டாம் என்று எழுதியது தெரியும். ஆனாலும் இரண்டு குழாயை எடுத்து மூன்றாம் தடவையும் பார்த்துவிட்டேன். அதே கதை. சப்போட்டா ஈஸ்ட்டுக்கு வயிறு சின்னது, வேறு பழத்தில் தேடு.

ஜெயவேலின் சித்தப்பா துறைமுகத்தில் வேலை பார்க்கிறார். வீட்டுக்கு வந்து காப்பி சாப்பிட்டார். பையன் அமைதி, சிகரெட்டு இல்லை. நீ ஒன்றும் பதில் சொல்ல வேண்டாம். தெரிந்திருக்கட்டும் என்று எழுதினேன்.

அடுத்த வாரம் கருப்பட்டிக் கொள்முதலுக்கு உடன்குடி போகிறேன். திரும்ப மே ஆகும்.

தேவப்பிரியம்


உடன்குடி,
18-4-1969

லூர்துக்கு முதலாளி எழுதுவது. நலம். உன் வீட்டில் எல்லாரும் நலம் என்று நம்புகிறேன். இதை உன் மகள் பிலோமியை விட்டுப் படிக்கச் சொல். படித்ததும் அடுப்பில் போடு.

இன்று காலையில் ஒரு பனைக்கு அடியில் நின்றுகொண்டிருந்தேன். ஏறுகிறவர் கலயத்தை இறக்கிக் கழுவிவிட்டு, உள்ளே விரலால் சுண்ணாம்பு தடவி மறுபடி கட்டப் போனார். நான் பிறந்ததிலிருந்து பார்க்கிற காரியம். சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாவிட்டால் கள். சுண்ணாம்பு பொங்க விடாது. இது தெரியாத பிள்ளை எங்கள் ஊரில் கிடையாது. வந்த வேலையை விட்டுவிட்டு நேரே இந்தக் காகிதத்தை எடுத்தேன்.

நாம் பீப்பாயில் என்ன செய்தோம்? சுத்தமாக இருக்க வேண்டும் என்று தங்கச்சி எழுதினாள். எங்கள் ஊர்ப் பாத்திரத்துக்குச் சுத்தம் என்றால் சுண்ணாம்புதான், அதனால் முதல் நாளே பூசச் சொன்னேன். பதுருன்னிசா கத்தினதும் இரண்டு கை கூடுதலாகப் பூசச் சொன்னேன். பூசுவதைச் சேர்ப்பது என்று நான் நினைக்கவே இல்லை. அவள் கேட்டபோது நெஞ்சில் கை வைத்து இல்லை என்று எழுதினேன். பொங்க வேண்டிய ஒன்றைப் பொங்க விடாமல் அடித்தது நான்தான்.

பீப்பாய் எட்டையும் உட்புறம் சுரண்டு. புளித்தண்ணீர் விட்டு இரண்டு நாள் ஊறவை. பிறகு கொதிநீரால் கழுவு. யார் கேட்டாலும் வாயைத் திறக்காதே. தங்கச்சியிடமிருந்து ஆள் வந்தாலும் சரி.

தேவப்பிரியம்


நெட்டுக்குப்பம்,
27-4-1969

மொதலாளிக்கு லூர்து ஸ்தோத்திரம். நான் சொல்லிகினே கீறேன், பிலோமி எழுதிகினு கீது. மாதா புண்ணியத்துல வூட்ல அல்லாரும் சொகம். கடல்ல மீனு இல்ல, எண்ணூர்ல புகைக்கூண்டு கட்டறாங்கன்னு கும்பல்தான் கீது.

நீங்க சொன்ன மாரி பீப்பாயை சொரண்டிட்டேன். அப்பளம் அப்பளமா வந்துச்சி சுண்ணாம்பு. மூணு நாளு புளித்தண்ணி காட்டி, வெந்நீ வுட்டுக் கழுவிட்டேன். கைத்தோலு உரிஞ்சி பூட்ச்சி, அத்த வுடுங்க.

ஒரு தப்பு பண்ணிட்டேன் மொதலாளி. கண்ணாடிக் கொழா ஒண்ணு மிச்சம் இருந்துச்சா, மனசு கேக்கல. சட்டியில போட்டு, நொரைச்சதும் ஒரே ஒரு பீப்பாயில ஊத்தி, மணிக்கொரு வாட்டி கிண்டினேன். ரெண்டாம் நாளே எழும்பிடுச்சி! அடுப்புல பாலு பொங்கற மாரி பொங்கி, பீப்பாயத் தாண்டி வயிஞ்சி, தரையெல்லாம் நொரை. பதுருன்னிசாம்மா ஓடியாந்து "இன்னாடா லூர்து, சோப்பு போட்டியா"ன்னு கேட்டுச்சி. நான் நின்னு சிரிச்சிகினே இருந்தேன். தங்கச்சிம்மா புலிதான் அனுப்பிச்சி கீது. நாமதான் எலியாக்கிட்டோம்.

அடியில மாவு மாரி படிஞ்சி கீது. அத்த எடுத்து பெங்களூருக்கு அனுப்பிச்சிடவா? தங்கச்சிம்மாவுக்கு ஒரு தந்தி குடுத்துடவா? சீக்கிரம் பதிலு போடுங்க. வெயிலு தாங்காது, கெட்டுப் பூடும்.

லூர்து (கைநாட்டு)


பெங்களூர்,
2-7-1969

அண்ணாச்சிக்கு,

நலம். நலமறிய ஆவல்.

மார்ச்சுக்குப் பிறகு உங்களிடமிருந்து கடிதம் இல்லை. நான் எழுதிய மூன்றுக்கும் பதில் இல்லை. மே மாதம் ஊரிலிருந்து திரும்பிவிட்டீர்கள் என்று மதினியின் கார்டில்தான் தெரிந்தது.

முந்தாநாளோடு என் வேலை முடிந்தது. டாக்டர் உங்கள் கடிதத்தை மேஜைமேல் எடுத்து வைத்து, "உங்கள் அண்ணனே எழுதியிருக்கிறாரே" என்றார். வித்து பலமில்லாதது என்று நானும் எழுதிக் கையெழுத்திட்டேன். என் குழாய்களை வெந்நீரில் போட்டுவிட்டு அலமாரியைக் காலி செய்து கொடுத்தேன். பதினோரு பேரில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

மதினி எழுதியபடி நீங்கள் பேசி வைத்திருக்கும் ஆகஸ்ட் மாதக் கல்யாணத்துக்கு எனக்குச் சம்மதம்.

செல்வி


இராயபுரம்,
10-10-1974

அன்புள்ள தங்கை செல்விக்கு அண்ணன் எழுதிக்கொண்டது. நீயும் மாப்பிள்ளையும் சின்னவனும் சுகமாக இருக்க வேண்டுமென்று நாள் தவறாமல் கேட்கிறேன். எனக்குச் சர்க்கரை வந்திருக்கிறது. கருப்பட்டி வியாபாரிக்குக் காப்பியில் கருப்பட்டி கிடையாது. மதினி சந்தோஷமாகக் காவல் காக்கிறாள்.

ஐந்து வருஷமாக நீ எழுதுவதெல்லாம் நாலு வரிக் கார்டு. புது வருஷத்துக்கு ஒன்று, சின்னவன் பிறந்தபோது ஒன்று. நாங்கள் இரண்டு தடவை பாளையங்கோட்டை வந்தோம். இலை போட்டாய், பரிமாறினாய், பேசவில்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை.

போன வாரம் அமீருதீன் பாய் ஒரு புட்டியைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். "அண்ணாச்சி, பம்பாய்ப் பக்கம் யாரோ செஞ்சிட்டாங்க. பழக் கழிவுலேர்ந்தாம். உங்க தங்கச்சி அன்னைக்கே சொன்னதுதானே?" என்றார். மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டு மூடினேன்.

செல்வி, உன் வித்தில் குறை இல்லை. நீ சுத்தம் என்று எழுதியதால் பீப்பாய்க்குள் சுண்ணாம்பு பூசினேன். நாற்றத்துக்கு மேலும் பூசினேன். பதநீர்க் கலயத்துக்குப் பூசுகிற அதே சுண்ணாம்பு. ஆகஸ்டில் உன் கல்யாணம் முடிந்து ஷெட்டைக் காலி செய்தபோதுதான் பீப்பாய் உள்ளே ஏடு ஏடாக இருந்ததைப் பார்த்தேன், பார்த்ததும் புரிந்தது. அதற்குள் எல்லாம் கைமீறிவிட்டது. பிறகு சொல்ல வெட்கம்.

எத்தனையோ பேருக்கு நான் முகத்துக்கு நேரே உள்ளதைச் சொல்லியிருக்கிறேன். உனக்குச் சொல்ல ஐந்து வருஷம் ஆயிற்று.

அண்ணன்,
தேவப்பிரியம்


பாளையங்கோட்டை,
28-10-1974

என் அன்பு அண்ணாச்சிக்கு செல்வி அநேக வணக்கங்களோடு எழுதுவது.

சர்க்கரைக்கு என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள்? காலில் புண் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். மதினியின் முழங்கால் எப்படி? இங்கே நாங்கள் மூவரும் சுகம். சின்னவன் என் பள்ளிக்கூடத்து நுண்ணோக்கியில் எறும்பைப் பார்த்துவிட்டு யானை என்கிறான்.

அண்ணாச்சி, சுண்ணாம்பு என்பது எனக்கு அன்றைக்கே தெரியும். நீங்கள் அனுப்பிய புட்டியில் சிவப்பு லிட்மஸ் தாளை நனைத்ததும் நீலமாகிவிட்டது. நானும் பதநீர் இறக்குகிற ஊரில் பிறந்தவள்தானே. சுண்ணாம்பா என்று நேராகக் கேட்டிருக்கலாம். கேட்டால் படிக்க வைத்தவர்மேல் பழி போட்டதாகும் என்று கை வரவில்லை. நீங்களே சொல்வீர்கள் என்று காத்திருந்தேன். 'வேறெதுவும் போகவில்லை' என்று நீங்கள் டாக்டருக்கு எழுதிய கடிதம் வந்தது. அதே வாரம் எனக்கு எழுதியதில் வரனைப் பற்றி எழுதியிருந்தீர்கள். இரண்டையும் சேர்த்து வைத்து, என்னை ஊருக்கு வரவழைக்கத் தெரிந்தே செய்தீர்கள் என்று முடிவு கட்டிவிட்டேன். "உங்கள் அண்ணன் எழுதியது பொய்யா?" என்று டாக்டர் நேராகக் கேட்டார். ஆமாம் என்று என் வாயால் எப்படிச் சொல்வேன்? வித்துமேல் போட்டுவிட்டேன்.

ஐந்து வருஷமாக, உங்களுக்கு இலை போட்டபோதும், இதையேதான் நினைத்தேன். இவர் தெரிந்து செய்தவர், இவர் தெரிந்து செய்தவர் என்று.

உங்கள் கடிதத்தைப் படித்து அழுதேன். தெரியாமல் செய்தது, அவ்வளவுதான். சுத்தம் என்று எழுதிய நான் எதனால் என்று எழுதவில்லை. பாதித் தப்பு என்னுடையது. அந்த ஜூனுக்கு முன்னால் உங்களுக்கு இது தெரிந்திருந்தால் ராத்திரியோடு ராத்திரியாகத் தந்தி அடித்திருப்பீர்கள். அது எனக்குப் போதும். வேலை போனது போனதுதான். அண்ணன் திரும்பக் கிடைத்துவிட்டார்.

கிறிஸ்துமஸுக்கு நாங்கள் இராயபுரம் வருகிறோம். இருபதாம் தேதி வண்டிக்கு அவர் டிக்கெட் எடுத்துவிட்டார். சின்னவன் கடலே பார்த்ததில்லை.

உங்கள் செல்லத் தங்கை,
செல்வி


இராயபுரம்,
9-11-1974

அன்புள்ள செல்விக்கு,

சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். காலில் புண் இல்லை. மதினி உன் கடிதத்தைச் சத்தமாக வாசித்து அழுதாள். நானும் நல்லவன் மாதிரி கண்ணைத் துடைத்துக்கொண்டேன். மெத்தை விரிப்பு தைக்கக் கொடுத்துவிட்டாள், சின்னவனுக்குக் காற்றாடி வாங்கிவிட்டாள். நான் இந்தக் காகிதத்தை எடுத்துப் பத்து நாளாகிறது.

நான் எழுதிய தேதி தவறு.

ஆகஸ்ட் இல்லை. ஏப்ரல் பதினெட்டு. உடன்குடியில் ஒரு பனையடியில் நின்றபோது தெரிந்தது. லூர்துக்கு எழுதிப் பீப்பாயைச் சுரண்டச் சொன்னேன். அவன் மிச்சமிருந்த உன் குழாயை ஒரு பீப்பாயில் ஊற்றினான். பொங்கி வழிந்தது. உனக்குத் தந்தி கொடுக்கவா என்று கேட்டு எழுதினான். அடியில் படிந்ததை உனக்கு அனுப்பவா என்றும் கேட்டான். அந்தக் கடிதம் மே முதல் வாரம் என் கைக்கு வந்தது. ஜூன் முப்பதுக்கு எட்டு வாரம் இருந்தது. உனக்குப் பத்து நாள் போதும் என்று எனக்குத் தெரியும்.

கொட்டிவிடு என்று எழுதினேன். லூர்து கொட்டினான். அத்தோடு என் வேலையை விட்டுவிட்டுக் கடலுக்கே போய்விட்டான். தெருவில் பார்த்தால் "சொகமா மொதலாளி?" என்பான், நிற்க மாட்டான்.

ஏன் கொட்டச் சொன்னேன்? உன் டாக்டருக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தேன். என் வாய்ச் சொல்லை நம்பி வண்டி வண்டியாகச் சரக்கு இறக்குகிற ஊரில், என் கையெழுத்து பொய் என்று ஆவதா என்று பார்த்தேன். அது பாதிதான். மீதியும் சொல்கிறேன். நான் உடன்குடியில் இருந்தபோதே ஜெயவேல் வீட்டாரை வரவழைத்து ஆகஸ்டுக்கு நாள் பேசி முடித்துவிட்டேன். நீ ஜெயித்தால் வேண்டாம் என்று எழுதுவதாகச் சொன்னவன், ஜூன் வரும்முன்னே முடித்துவிட்டேன். பீப்பாய் பொங்காமலே இருந்தால் எல்லாருக்கும் நல்லது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எல்லாரும் என்றால் நான்.

முதலில் தெரியாமல் செய்தேன். அது உண்மை. பிறகு தெரிந்து செய்தேன். நீ ஐந்து வருஷமாக நினைத்ததில் தப்பில்லை.

தேதியை மாற்றி எழுதியபோது, இந்தப் பாதி உண்மைக்கு நீ மன்னித்துவிடுவாய் என்று கணக்குப் போட்டேன். நீயும் மன்னித்தாய். அந்த மன்னிப்பை வைத்துக்கொள்ள முடியவில்லை. என் பொருள் இல்லை அது.

இருபத்தொன்று காலையில் எழும்பூருக்கு நானே வருகிறேன்.

தேவப்பிரியம்


பாளையங்கோட்டை,
2-12-1974

மதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு ஜெயவேல் வணக்கமுடன் எழுதுவது.

இங்கு நாங்கள் மூவரும் நலம். தாங்களும் அக்காவும் நலமாக இருக்க வேண்டுகிறேன். இங்கே அடைமழை. தாமிரபரணியில் இரு கரையும் தொட்டுத் தண்ணீர் போகிறது.

தாங்கள் இருபத்தொன்றாம் தேதி எழும்பூர் வர வேண்டாம். டிக்கெட்டுகளை நேற்று ரத்து செய்துவிட்டேன். செல்விதான் செய்யச் சொன்னாள். மூன்று வாரத்துக்கு முன்பு வரை ஊருக்குப் போகும் பேச்சுதான். அக்காவுக்கு என்று முறுக்கு மாவு இடித்து வைத்திருந்தாள். தங்கள் கடிதம் வந்தது. பள்ளிக்கூடத்திலிருந்து வந்து நின்றபடியே படித்தாள். எனக்குக் காட்டவில்லை. மச்சானுக்கு உடம்புக்கு ஏதாவதா என்றேன், இல்லை என்றாள். ஏதாவது மனவருத்தமா என்றேன். "அண்ணாச்சிக்குத் தெரியும்" என்றாள். மாவைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டாள்.

வழக்கம்போல் சமைக்கிறாள், பாடம் நடத்தப் போகிறாள், பிள்ளையோடு விளையாடுகிறாள். தங்கள் பெயரை எடுத்தால் மட்டும் எழுந்து உள்ளே போய்விடுகிறாள். இந்தக் கடிதத்திலாவது இரண்டு வரி சேர்க்கிறாயா என்று பேனாவை நீட்டினேன். கை ஈரம் என்றாள்.

உங்கள் இருவருக்கும் இடையில் என்ன என்று எனக்குத் தெரியாது. கேட்பது மரியாதையும் இல்லை. இந்த வீட்டில் அவளுக்கு ஒரு குறையும் வைக்கவில்லை என்பதை மட்டும் தாங்கள் நம்ப வேண்டும். என்னைக் கட்டிக்கொண்டதில் அவளுக்கு வருத்தம் உண்டா என்று முன்பெல்லாம் நினைப்பதுண்டு. இப்போது மறுபடியும் நினைக்கிறேன்.

சின்னவன்தான் ஒவ்வொரு நாளும் கடல் எப்போ, மாமா வீடு எப்போ என்று கேட்டுக்கொண்டிருக்கிறான். அவன் அம்மாவிடம் கேட்காதே என்று சொல்லி வைத்திருக்கிறேன். அவனுக்கு நான் என்ன பதில் சொல்லட்டும் என்று தாங்களே எழுதுங்கள்.

தங்கள் மச்சினன்,
ஜெயவேல்